நாற்காலி உடன்படிக்கை

இதனால் உலகத்தார் அனைவருக்கும் அறிவிப்பது யாதெனில்: இஸ்ரேல் தரப்பும் பலஸ்தீனத் தரப்பும், மத்தியஸ்த நாட்டின் முன்னிலையில், மூன்று மொழி, நான்கு பேனா, ஒரு பூச்சாடி சகிதம், ஓர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன.

அவள் உட்காரலாம்.

அவள் உட்கார்ந்தாள்.

சிவப்பு வெல்வெட் நாற்காலி. இந்த சுவிஸ் ஹோட்டலில் பதினாறு வருடமாக அவள் தூசி தட்டிய நாற்காலிதான். இவ்வளவு மெத்தென்று இருக்கும் என்பது இன்றுதான் தெரிந்தது.

முதுகுக்குப் பின்னால் பூட்டிய கதவு. கதவுக்கு அந்தப்பக்கம் சமாதானம் பேச வேண்டிய அறை. சாவி அவள் சீருடைப் பையில்.

காலையில் அந்த அறையை இஸ்ரேல் பாதுகாப்பு அதிகாரி சோதித்தார். குண்டு இல்லை, ஒட்டுக்கேட்கும் கருவி இல்லை. வெளியே வந்தார். கடைசியாக உள்ளே இருந்தது நீங்கள், எதை வைத்தீர்களோ என்று பலஸ்தீன அதிகாரி உள்ளே போனார். அவர் வந்ததும், இப்போது கடைசியாக இருந்தது நீங்களல்லவா என்று இஸ்ரேல் அதிகாரி மறுபடி போனார்.

மத்தியானத்துக்குள் ஆளுக்கு ஆறு தடவை. கம்பளம் தேய்ந்ததுதான் மிச்சம்.

இருவரும் சேர்ந்தே போய்ப் பாருங்களேன் என்றார் மத்தியஸ்தர். சேர்ந்து போவதென்றால் முதலில் ஒருவரையொருவர் சோதிக்க வேண்டும். யார் யாரை முதலில் சோதிப்பது என்று முடிவுசெய்ய ஒரு துணைக்குழு போட்டார்கள். அது இன்னொரு அறை கேட்டது.

சரி, கதவைப் பூட்டி, நடுநிலையான ஓர் ஆளைக் காவல் வைப்போம் என்றார். உள்ளூர்ப் போலீசை ஒருவர் ஏற்கவில்லை. ஐ.நா. ஆளை மற்றவர் ஏற்கவில்லை. போகட்டும், மோப்ப நாய்?

"நாய் ஒரு தரப்பைச் சேர்ந்தது," என்றார் பலஸ்தீன அதிகாரி, சிரிக்காமல்.

அந்த நேரம் பார்த்துத்தான் அவள் வாளியும் துடைப்பமுமாகத் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்தாள்.

எந்த ஊர் என்று கேட்டார்கள். யாழ்ப்பாணம் என்றாள். எங்கள் பிரச்சினை பற்றி உன் கருத்து என்ன என்று கேட்டார்கள்.

"முழங்கால் நோகுது ஐயா," என்றாள் தனக்குத் தெரிந்த ஜெர்மனில். "வேற ஒண்டும் தெரியாது."

அதிகாரிகள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்றைக்கு முதல் தடவையாக.

முழங்கால் பொய்யில்லை. நாளுக்கு இருபத்திரண்டு அறை. டாக்டரின் கடிதத்தோடு மூன்று முறை போய்க் கேட்டிருக்கிறாள், உட்கார்ந்து செய்கிற வேலை ஏதாவது தாருங்கள் என்று. மேற்பார்வையாளர் திருமதி கெல்லர் மூன்று முறையும் ஒன்றைத்தான் சொன்னார். இந்த ஹோட்டலில் உட்கார்ந்திருப்பவர்கள் விருந்தாளிகள்.

இப்போது அதே திருமதி கெல்லர் அந்த வழியாக வந்தார். நின்றார். கதவில் ஒட்டியிருந்த தாளைப் படித்தார். *இரு தரப்பும் ஒருங்கே ரத்து செய்யும்வரை இவரை யாரும் எழுப்பலாகாது.* கீழே இரண்டு முத்திரை.

படித்துவிட்டுப் போனார்.

அவள் காலை நீட்டிக்கொண்டாள். கண்ணாடிக்கு வெளியே சுவிஸ் ஏரி தெரிந்தது. அதையும் இதுவரை துடைத்த கண்ணாடியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

கதவு பூட்டியாயிற்று. இனி இரு தரப்புத் தலைவர்களில் யார் முதலில் நுழைவது என்று இரண்டு நாள் பேசினார்கள்.

மூன்றாம் நாள் சமையலறையிலிருந்து சிவநேசன் தேநீர் கொண்டுவந்தான்.

"என்னக்கா, மகாராணி கணக்கா இருக்கிறியள்? எழும்பிற யோசனை இல்லையோ?"

"சமாதானம் வந்தா எழும்புவன்."

"அப்ப வடிவாச் சாஞ்சே இருங்கோ."

சிரித்துக்கொண்டே போனான். அவளும் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது.

அவளுடைய ஊருக்காகவும் ஒரு காலத்தில் இப்படி ஏரி தெரிகிற ஹோட்டல்களில் பேசினார்கள். முகாமில் வானொலியோடு காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். பேச்சு சுமுகமாக நடந்தது என்று ஒவ்வொரு முறையும் சொன்னார்கள்.

அந்த அறைக்கு வெளியேயும் ஒருத்தி துடைத்துக்கொண்டு நின்றிருப்பாள்.

நடைக்கூடத் தொலைக்காட்சியில் ஒரு தெரு வந்தது. வீட்டுக்குப் பாதிச் சுவர்தான் இருந்தது. முன்னால் ஒரு பெண் குனிந்து, மெத்தையிலிருந்து சிமெந்துத் தூசியைத் தட்டினாள். அவளுக்கும் முழங்காலில் ஏதோ இருந்தது. குனிந்தவளுக்கு உடனே நிமிர முடியவில்லை.

அவள் தேநீரைக் கீழே வைத்தாள்.

நாற்காலியை விட்டு எழுந்தாள். பையிலிருந்து சாவியை எடுத்து, இரண்டு அதிகாரிகளுக்கும் நடுவில் நீட்டினாள்.

"இந்தாங்கோ. எனக்கு இருபத்திரண்டு அறை இருக்கு. நீங்கள் உள்ள போய்க் கதையுங்கோ."

இரண்டு பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். இருவருடைய கையும் இடுப்புத் துப்பாக்கிக்குப் போயிற்று.

"உட்கார்!" என்றார்கள், ஒரே குரலில்.

உட்கார்ந்தாள்.

ஐந்தாம் நாள் தலைவர்கள் இருவரும் வெவ்வேறு வாசல் வழியாக விமான நிலையத்துக்குப் போனார்கள். பேச்சு சுமுகமாக நடந்தது என்றார் மத்தியஸ்தர்.

தாளைக் கிழிக்க அனுமதி வேண்டும் என்று ஹோட்டல் நிர்வாகம் இரு தரப்புக்கும் எழுதியது. முதலில் அவர்கள் ரத்து செய்யட்டும் என்று ஒரு தரப்பிலிருந்து பதில் வந்தது. மற்றத் தரப்பின் பதிலிலும் சொல்லுக்குச் சொல் அதுவே இருந்தது. அந்த அறையில் நடக்கவிருந்த கல்யாண வரவேற்பைத் தோட்டத்துக்கு மாற்றினார்கள். அவள் கால் வைக்கத் திருமதி கெல்லர் ஒரு முக்காலி கொண்டுவந்து போட்டார். குளிர் தொடங்கியதும் கம்பளி.

மத்தியஸ்தர் ஓர் அறிக்கை விட்டார். நாற்காலி விவகாரம் அடுத்த சுற்றுப் பேச்சில் முதல் பொருளாக எடுத்துக்கொள்ளப்படும்.

அடுத்த சுற்றுக்குத் தேதி குறிக்கவில்லை.