வெறுங்கையால் தொட்டது

அந்துப்பூச்சி அவன் வலது கையைத்தான் சுற்றியது. சோற்றைச் சீண்டவில்லை. விளக்கையும் சீண்டவில்லை.

விளக்கை அணைத்துப் பார்த்தான். போகவில்லை.

மறுபடி போட்டபோது மூன்றாகியிருந்தன. வெள்ளை இறகில் பழுப்புத் திட்டு. கத்தரித் தோட்டத்துப் பூச்சி.

சோப்புப் போட்டுக் கழுவினான். மூன்றும் குழாயடிவரை கூடவே வந்தன.

மனைவி தோட்டத்தில் வைத்துவிட்டுப் போன பூச்சிப்பொறியில் காலையில் ரப்பர் மாற்றியது அப்போதுதான் உறைத்தது. மிளகளவு ரப்பர். அதில் பெண் பூச்சியின் வாசனை. ஆண்களெல்லாம் தேடி வந்து பொறியில் விழும். துணையில்லாத பெண்ணின் முட்டை பொரிக்காது. இதையெல்லாம் அவன் மனைவி துளசிமணி எப்போதோ விளக்கமாகச் சொல்லியிருந்தாள்.

அதற்குத்தான் அவன் உரக்கடையில், நாலு பேர் முன்னால், இவளுக்கென்ன தெரியும் என்று சிரித்தான். கடைக்காரர் கொடுத்த மருந்தை வாங்கிவந்து அடித்தான்.

அன்றைக்கே அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றோடு பதினெட்டு நாள்.

மருந்து இலையில்தான் பட்டது. புழு குருத்துக்குள் இருந்தது. வாடித் தொங்கும் குருத்தை நகத்தால் கீறினால் இளஞ்சிவப்பாக நெளிகிறது. அரை ஏக்கரில் பாதிச் செடி தலை தொங்கிவிட்டது. அவன் வீம்பு மட்டும்தான் வாடாமல் நின்றது.

துளசிமணியைப் போனில் கூப்பிட்டான்.

பூச்சி கையை விடமாட்டேன் என்கிறது என்றான். வேறெப்படித் தொடங்குவதென்று தெரியவில்லை.

அவள் சிரிக்கவில்லை. வெறுங்கையால் தொட்டீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றான். எத்தனை செடி வாடியிருக்கிறது என்று கேட்டாள். அதையும் மறைக்காமல் சொன்னான்.

புழு மண்ணில் இறங்கிக் கூடு கட்டுவதற்குள் குருத்தையெல்லாம் கிள்ளி எரிக்க வேண்டும், விட்டால் பத்தே நாளில் அத்தனையும் பூச்சியாகிப் பறக்கும், ஒற்றை ஆளால் ஆகிற வேலையில்லை என்றாள்.

வா என்று சொல்ல வாயெடுத்தான்.

"காலைல மொத பஸ்ஸுக்கு வர்றனுங்க," என்றாள். "அதுக்குள்ள அந்தக் கடையில போயி, அன்னைக்குச் சொன்னது தப்புன்னு சொல்லிப்போட்டு வந்துருங்க. அந்த நாலு பேரும் இருக்கோணும்."

மணி ஏழு. கடையை எட்டரைக்குச் சாத்துவார்கள்.

சட்டையை மாட்டிக்கொண்டு வண்டியை எடுத்தான். நாலு பேரையும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட வேண்டும்.