மாமனாரின் சின்ன ஆசை

“டாக்டர், ஒரு ஊசியப் போட்டு என்னை அனுப்பி வச்சிருங்க. உங்களுக்குக் கோடிப் புண்ணியம்.”

உத்தமன் படுத்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். எலும்புவரைக்கும் பரவிவிட்ட புற்றுநோய். மருந்தைக் கூட்டிக் கூட்டிக் கொடுத்தும் வலி அடங்கவில்லை.

“அப்படி ஊசி போட நம்ம சட்டத்துல இடமில்லை பெரியவரே. ஐ.சி.யு., வென்டிலேட்டர் எதுவும் வேணாம்னு எழுதிக் குடுத்துட்டீங்கல்ல? இனி வீட்டுலயே இருக்கலாம்,” என்றார் டாக்டர்.

எழுதிக் கொடுத்தால் வலி கேட்குமா? அது பாட்டுக்கு வாட்டிக்கொண்டுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டரை லிஃப்ட்வரை கொண்டுபோய் விட்டுத் திரும்பிய மருமகன் ராகேஷுக்கு மனசே ஆறவில்லை.

“என்ன பேச்சு இது வித்யா? ஒரு உயிரை எடுக்க நாம யாரு? மாமா இனிமே இப்படிக் கேட்டா நீதான் கண்டிச்சு சொல்லணும்.”

வித்யாலட்சுமி அப்பாவின் மருந்துச் சீட்டை மடித்து வைத்தாள். புருஷனை அவளுக்குத் தெரியாதா? இந்தப் பட்டணத்தில், ஒக்கலிபுரத்திலேயே பிறந்து வளர்ந்தவன். கரப்பான் பூச்சியைக்கூட அடிக்க மனசு வராமல், முறத்தில் ஏந்திப் போய்த் தெருவில் விட்டுவிட்டு வருகிற ஆசாமி.

அதன்பிறகு உத்தமன் ஊசியைப் பற்றிப் பேசவே இல்லை. வேறொன்றைக் கேட்க ஆரம்பித்தார்.

“வித்யாம்மா, எண்ணெய் தேச்சு ஒரு தடவ குளிப்பாட்டி விடும்மா.”

“முடியாதுப்பா. ஈரத்துணியால தொடச்சாப் போதும்னு டாக்டர் சொல்லியிருக்காரு.”

மறுநாளும் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். அவள் ஒவ்வொரு தடவையும் மறுத்துவிட்டு, அடுப்படிக்குள் போய் நின்று அழுதாள். ராகேஷுக்குப் பொறுக்கவில்லை.

“என்ன, ராஜபோகமா கேக்குறாரு? கொஞ்சம் எண்ணெய், நாலு வாளித் தண்ணி. பெத்த அப்பா இப்படிக் கெஞ்சுறாரு, உனக்கு மனசு இரங்கலையா?”

“உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. இதுல மட்டும் தலையிடாதீங்க.”

“ஆமா, உனக்குத்தான் எல்லாம் தெரியும்.”

கல்யாணமான ஆறு வருஷத்தில் அவளிடம் அவன் இப்படிக் குரலை உயர்த்தியதே இல்லை.

அந்த வாரம் முழுக்க வலியில் உத்தமன் பல்லைக் கடித்த சத்தம் ஹாலுக்குக் கேட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஜன்னலைத் திறக்க முடியாத டிசம்பர் குளிர். ஒரு மாதமாக அப்பாவின் கட்டிலை விட்டு நகராத வித்யாலட்சுமி அன்று சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

“மல்லேஸ்வரம் கோவிலுக்குப் போயிட்டு வரேங்க. வர ரெண்டு மணி நேரமாகும்.”

அவள் போனதும் காபி போடப் போன ராகேஷ், அடுப்புக்குப் பக்கத்தில் பிரிக்காத நல்லெண்ணெய் பாட்டில் ஒன்றைப் பார்த்தான். இதைவிட நல்ல நேரம் வாய்க்காது என்று தோன்றியது.

“மாமா, எண்ணெய் தேச்சுக் குளிக்கலாமா?”

உத்தமன் அவனையே பார்த்தார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது.

“நீங்களா மாப்ள?”

“நான் உங்க மகன் மாதிரி இல்லையா?”

கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கிக்கொண்டு போய்க் குளியலறை நாற்காலியில் உட்கார வைத்தான்.

“கீசர் போடட்டுமா?”

“வேணாம் மாப்ள. பச்சத்தண்ணி போதும். எண்ணெய மட்டும் தாராளமா ஊத்துங்க.”

வயசானவர்களுக்கு ஆயிரம் பிடிவாதம் என்று அவனும் விட்டுவிட்டான். குளித்து முடித்ததும் இளநீர் கேட்டார். கீழே இறங்கி ஓடி மூன்று வாங்கி வந்தான். உடம்பு வெடவெடக்க, மூன்றையும் மிச்சம் வைக்காமல் குடித்தார். அவன் கையை இழுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“நல்லா இருப்பீங்க மாப்ள. என் மக குடுத்து வச்சவ.”

இத்தனை நிம்மதியான முகத்தை ராகேஷ் பார்த்துப் பல மாதமாகிவிட்டது.

“கோவிச்சுக்காதே வித்யா, நான்தான் குளிப்பாட்டினேன்,” என்றான், அவள் திரும்பி வந்ததும்.

அவள் கோபிக்கவில்லை. அப்பாவின் ஈரத்தலையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு முந்தானையால் துவட்டினாள்.

அன்று ராத்திரி காய்ச்சல் கண்டது. செவ்வாய்க்கிழமை விடியும்போது உத்தமன் போய்விட்டார்.

சுடுகாட்டிலிருந்து திரும்பியதும், விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்திருந்த வித்யாவின் சித்தப்பா சின்னப்பா, ராகேஷின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“அண்ணனை நீங்கதான் குளிப்பாட்டினீங்களாமே மாப்ள. பெத்த பிள்ளையே செய்யத் தயங்குற காரியம். எங்க ஊர்ல தேறாத உசுரு இழுத்துக்கிட்டுக் கெடந்தா, எண்ணெயத் தேச்சு, பச்சத்தண்ணி ஊத்தி, இளநி குடுத்துத்தான் அனுப்பி வைப்போம். ஒடம்பு குளுந்து ரெண்டு மூணு நாள்ல அடங்கிரும். நீங்க பட்டணத்துப் பிள்ளை, இதெல்லாம் தெரிஞ்சு செய்வீங்கன்னு நான் நெனைக்கவே இல்ல.”

ராகேஷ் தன் கைகளை உருவிக்கொண்டான். உள்ளே போய் வித்யாவின் எதிரில் நின்றான்.

“இதனாலதான் மாட்டேன் மாட்டேன்னியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் அதைச் செஞ்சிருப்பேனா?”

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

“செஞ்சிருக்க மாட்டீங்க. அதான் சொல்லாம, எண்ணெய மட்டும் வாங்கி வச்சிட்டுக் கோவிலுக்குப் போனேன்.”