அந்தரத்தில் நின்ற காந்தம்

காந்தம் தரையைவிட்டு ஓர் ஆள் உயரம் எழும்பியிருந்தபோது சாமியார் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கினார்.

கிரேன் நின்றது. வீட்டளவு காந்தம் அந்தரத்தில் லேசாக ஆடி அடங்கியது.

கூடத்தில், அண்டம் எதனால் ஆனது என்று தேடும் கருவிக்காக ஆறு நாடுகள் சேர்ந்து தோண்டிய பள்ளம் பக்கத்திலேயே வாயைப் பிளந்து கிடந்தது. காந்தம் அதற்குள் இறங்கவேண்டும். அடியில் அதை வாங்கிப் பொருத்த ஒரு குழு காத்திருந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் விருந்தினர்கள் கைபேசிகளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார்கள்.

சங்கிலி மாட்டும் ஆட்களில் மூத்தவர் சாமியார். வேலை நேரத்தில் வாயைத் திறக்கமாட்டார் என்பதால் அந்தப் பெயர்.

பாதுகாப்பு மேலாளர் தலைக்கவசத்தைச் சரிசெய்துகொண்டு அவரிடம் வந்தாள். அவசரமே இல்லாத நடை.

இரண்டு கைகளைத் தூக்கினால் வேலை நிற்கவேண்டும் என்பது அவள் கொண்டுவந்த விதி. யாரும் தூக்கலாம், தேநீர் ஊற்றுபவர்கூட. தூக்கியவரை ஒருவரும் திட்டக் கூடாது. ஆனால் இதுவரை யாருமே தூக்கியதில்லை. ஊரே பார்க்கும்போது பூனைக்கு யார் மணி கட்டுவது?

"என்ன பாத்தீங்க?"

"பாக்கல மேடம். கேட்டேன். மேல சட்டத்துல டிக்குன்னு ஒரு சத்தம்."

அவள் உதட்டோரம் ஒரு புன்னகை வந்து மறைந்தது.

தலைமைப் பொறியாளருக்கு முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது. தொலைநோக்கியை வாங்கி, நின்ற இடத்திலிருந்தே, காந்தத்தைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார்.

"ஒண்ணுமே இல்லையே. பாரம் ஏறினா இரும்பு கொஞ்சம் முனகத்தான் செய்யும். கீழ இறக்கிப் பாக்கணும்னா இன்னிக்குப் பொழுது போச்சு."

வேறு எந்த நாளாக இருந்தாலும் அவள் இறக்கச் சொல்லியிருப்பாள். ஓர் ஆள் மேலே ஏறித் தொட்டுப் பார்க்காமல் விட்டிருக்கமாட்டாள். அவள் பிடித்தால் குரங்குப்பிடி என்று பொறியாளரே புலம்புவதுண்டு.

இன்று, "நீங்க பாத்தாப் போதும்" என்றாள். அவருக்கே ஆச்சரியம்.

பிறகு ஒலிபெருக்கியை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி சாமியாருக்கு நன்றி சொன்னாள். சந்தேகம் வந்ததும் நிறுத்தினாரே, அதுதான் வேலை என்றாள். ஒன்றும் இல்லை என்றால் இன்னும் சந்தோஷம் என்றாள். அவளே முதலில் கைதட்டினாள். கிரேனில் இருந்தவர் தட்டினார். வெல்டர்கள் தட்டினார்கள். விஷயம் புரியாத விருந்தினர்களும் தட்டினார்கள்.

சாமியார் மட்டும் அண்ணாந்தபடியே நின்றார்.

வேலை மீண்டும் தொடங்கப்போகிறது என்று கிரேன் ஹாரன் அடித்தது. அவள் போகிற போக்கில் சாமியாரின் பக்கம் சாய்ந்தாள்.

"அண்ணே, பிரமாதமா நடிச்சீங்க. இனிமே பாருங்க, எல்லாருக்கும் தைரியம் வந்துடும்."

சாமியார் அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"நடிக்கச் சொன்னது நாளைக்குத்தானே மேடம்?"

அவள் கத்திய கத்தலில் ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

காந்தத்தை அங்குலம் அங்குலமாகத் தரைக்கு இறக்கினார்கள். தூக்குக்கூடையில் ஏறிய வெல்டர் சட்டத்தின் எண்ணெய்ப்பிசுக்கைத் துடைத்துவிட்டு விரலால் தடவிக்கொண்டே போனார். கொக்கி மாட்டும் வளையத்தின் அடியில் விரல் நின்றது. பற்றவைத்த இடத்தில் நகம் மாட்டும் அளவுக்கு ஒரு விரிசல். புதியது.

பள்ளத்தின் அடியில் இருந்தவர்களை மேலே வரச் சொன்னார்கள். வந்தவர்கள் விரிசலை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டுக் கையுறைகளைக் கழற்றினார்கள்.

அவள் ஒரு காலிப் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். பொறியாளர் பக்கத்தில் வந்து நின்றார். அவர் குரலில் பழைய மிடுக்கு இல்லை.

"ரெண்டாவது தடவை நிறுத்தினீங்களே மேடம், எப்படித் தெரிஞ்சுது?"

"அவர் முதல்லயே சொன்னாரு" என்றாள். "எனக்கு அப்பதான் கேட்டுச்சு."