நாலாவது கடை இங்க்

"இங்க்லகூடவா கஞ்சத்தனம் பண்ணுவீங்க?"

அவள் கேட்டது காதிலேயே விழாத மாதிரி, கணவன் போட்டோ பிரிண்டரின் மூடியைத் திறந்து, பேர் ஊர் தெரியாத ஏதோ ஒரு கார்ட்ரிட்ஜை மாட்டிக்கொண்டிருந்தான்.

"கம்பெனி இங்க் வாங்கினா குடியா முழுகிடும்?"

"இதுக்கு என்ன குறைச்சல்? விலையும் மலிவு."

போன மாதம் இந்த மலிவு இங்க்குக்காக நாலு கடை ஏறி இறங்கியிருந்தான். ஒவ்வொன்றையும் மாட்டி, ஒரு போட்டோ போட்டுப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டு அடுத்த கடைக்கு ஓடினான். துணி எடுக்கப் போனால்கூட அவள் இந்த அலைச்சல் அலைந்ததில்லை.

அத்தனையும் அவள் அப்பாவின் போட்டோவுக்கு.

அப்பா ரிட்டயரான பஸ் டிரைவர். ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டுக்கு வந்தவர், "என் கதை முடிஞ்சுதும்மா" என்று தட்டைத் தள்ளிவிட்டுப் படுத்துக்கொண்டார். "மருந்து அதோட வேலையைச் செஞ்சாச்சு. இனி அவர் சாப்பிட்டாத்தான் உண்டு" என்று டாக்டரும் சொல்லிவிட்டார்.

கண்ணாடி மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. "தினம் பாக்கிற மூஞ்சியில என்ன தெரியும்?" என்று வாரம் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லி, எதிர்ச் சுவரில் வரிசையாக ஒட்டவைத்து, தேறுகிறோமா என்று படுத்தபடியே ஆராய்வார்.

அந்தப் போட்டோவுக்குப் போய் மட்டமான இங்க்! தன்னோட சொந்த அப்பாவா இருந்தா இந்த மனுஷன் இப்படிச் செய்வாரா? அவளுக்கு மனசு ஆறவே இல்லை.

மறுநாள் அவன் ஆபீஸ் போனதும், கம்பெனி கார்ட்ரிட்ஜை வாங்கி வந்து, இந்த வாரப் போட்டோவை மறுபடியும் பிரிண்ட் போட்டாள்.

சாயங்காலம் வந்தவன் அதைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"ஐயையோ, மாமாகிட்ட காட்டிட்டியா?"

"இன்னும் இல்ல. ஏன்?"

"நல்ல வேளை!" நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு."

பார்த்தாள். கம்பெனி இங்க்கில் அப்பா இருந்தபடியே இருந்தார், வெளிறிப்போய். மலிவு இங்க்கில் கன்னம் இரண்டும் செக்கச்செவேல் என்றிருந்தன.

"முதல் போட்டோ கம்பெனி இங்க்லதானே போட்டோம்? அதைப் பாத்துட்டு அன்னிக்கு முழுக்க மாமா தண்ணிகூடக் குடிக்கலை. அதான் சிவப்பு தூக்கலா விழற இங்க்கைத் தேடி அலைஞ்சேன். முதல் கடை இங்க்ல நீலமா இருந்தாரு. அடுத்த கடை இங்க்ல பாசி பிடிச்சாப்ல இருந்தாரு. நாலாவது கடையிலதான் மனுஷனுக்கு ரத்தமே ஊறிச்சு!"

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இந்த மனுஷனையா கஞ்சன் என்றோம் என்று வெட்கமாக இருந்தது. கம்பெனி போட்டோவைக் கிழித்துப் போட்டுவிட்டு, சிவந்த போட்டோவையும் சாப்பாட்டுத் தட்டையும் எடுத்துக்கொண்டு அப்பாவின் அறைக்குப் போனாள்.

"அடேயப்பா! கன்னத்தைப் பாருங்க மாப்பிள்ளை! நல்லாத் தேறிட்டேன்!" ஹாலுக்குக் கேட்கும்படி அப்பா கத்தினார்.

"அப்ப இன்னும் ரெண்டு வாய் சேத்துச் சாப்பிடுங்க மாமா!" என்று ஹாலிலிருந்து சந்தோஷமாகப் பதில் வந்தது.

அப்பா தட்டை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, மகளின் காதருகே குனிந்தார்.

"இது இங்க் பண்ற வேலைன்னு எனக்கு முதல்லயே தெரியும்மா. போட்டோவுல வெள்ளைத் தலையணையும்தான் சிவந்திருக்கு, அதுக்குமா ரத்தம் ஊறும்? மாப்பிள்ளைகிட்ட மூச்சு விட்டுடாதே. இவ்வளவு பாடுபட்ட மனுஷன் ஏமாந்து போயிடக் கூடாதேன்னுதான், நானும் கஷ்டப்பட்டுச் சாப்பிட்டுத் தேறிக்கிட்டு வரேன்."