நாற்பத்தேழாம் நம்பர்

மூன்று மாதம் வீடியோ பார்த்தே டேட்டா அனாலிசிஸ் கற்றுக்கொண்டு, இருந்த வேலைக்கும் முழுக்குப் போட்டுவிட்டாள் மாடிவீட்டுப் பெண். "முதல் வேலை சொதப்புச்சுன்னா பழைய ஆபீசுக்கே நடையக் கட்டு" என்று அம்மா போட்ட உத்தரவு தெருவுக்கே கேட்டது.

வாய்த்த முதல் வாடிக்கையாளர் ஒரு கல்யாணத் தரகர். பெயரில்லாமல், எண் மட்டும் போட்ட இரண்டு ரசனைப் பட்டியல்களைக் கொடுத்து, எந்தப் பெண்ணுக்கு எந்த ஆண் பொருத்தம் என்று கேட்டிருந்தார். ஜோடி சேர்த்துக் கொடுத்து இரண்டு வாரமாகிறது.

இன்று அவர் படியேறி வருவதைப் பார்த்ததும் அவள் லேப்டாப்பைப் பட்டென்று மூடினாள். வந்தவருக்கோ வாயெல்லாம் பல்.

"அஞ்சு ஜோடி சரின்னுட்டாங்கம்மா! இருபது வருஷமா நான் பொருத்தம் பாத்து பேச உக்காரவச்ச ஜோடியெல்லாம் அரைமணியில கொட்டாவி விட்டுச்சு. எப்படிம்மா பண்ணே?"

"அது... தொழில் ரகசியம் சார்."

"யாரு, என் பொண்ணாச்சே!" அம்மா கட்சி மாறிவிட்டாள்.

"இன்னொண்ணு. அம்மா சொல்லி உன்னையும் லிஸ்ட்ல சேத்தேன். நாப்பத்தேழாம் நம்பர் நீதான். உன் கணக்கே உனக்கு மாப்பிள்ளை சொல்லியிருக்கு!" தரகர் போட்டோவை நீட்டினார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பெண்கள் பட்டியலில் எண்களை மட்டும் வரிசைப்படுத்திவிட்டு, பக்கத்திலிருந்த ரசனை விவரங்களை அப்படியே விட்டிருந்ததை இன்று காலையில்தான் கண்டுபிடித்திருந்தாள். ஒருத்தியின் ரசனை இன்னொருத்தி தலையில் விழுந்திருந்தது!

"கம்ப்யூட்டர் தப்பு சொல்லுமாடி?" என்றாள் அம்மா.

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தவள், போட்டோவை ஒரு தரம் பார்த்தாள். இன்னொரு தரமும் பார்த்தாள்.

"எப்படிம்மா சொல்லும்?" என்றாள்.