குறுக்குக் கம்பி

அந்த வெள்ளைக் கார் மறுபடியும் ஒர்க் ஷாப் வாசல்ல வந்து நின்னதும் எனக்கு உடம்பே ஓய்ஞ்சு போச்சு. வண்டியில குறை இருந்தா சரி பண்ணிடலாம். அதுல உட்கார்ந்து வர்ற ஆளே ஒரு குறைன்னா நான் எதைக் கழட்டி எதை மாட்டுறது?

மருமகன் ஓட்டிட்டு வருவார், மாமனார் பக்கத்துல உட்கார்ந்திருப்பார். பெரியவர் காலமெல்லாம் பஸ் ஓட்டி ரிட்டையர் ஆனவர். கதவைத் திறந்து ஒரு காலைக் கீழே வைக்கும்போதே ஆரம்பிச்சிடுவார், வண்டி வளைவுல ஆடுதுன்னு.

முதல் தடவை வந்தப்பவே நான் ஓட்டிப் பார்த்தேன். அலைன்மென்ட், டயர், ஷாக் அப்சார்பர், ஒண்ணுலயும் குத்தம் இல்ல. வண்டி நூல் பிடிச்ச மாதிரி போச்சு. சொன்னா கேட்டாத்தானே. பானெட்டுக்குள்ள குறுக்கால ஒரு கம்பி மாட்டினா ஆட்டம் நிக்குமாமே, அதை மாட்டுங்கன்னார்.

இருக்கு, அப்படி ஒரு கம்பி. ரெண்டு பக்கத்து ஷாக் அப்சார்பர் தலையையும் சேர்த்து இழுத்துப் பிடிக்கும். பறக்கிற வேகத்துல வளைக்கிற ரேஸ்காரங்களுக்கு அதோட அருமை தெரியும். வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நாற்பதுல உருள்ற வண்டிக்கு அது எதுக்கு? மாட்டினாலும் ஒண்ணுதான், மாட்டாட்டியும் ஒண்ணுதான்னு தலையில அடிச்சுக்காத குறையா சொல்லிப் பார்த்தேன். மாட்டுன்னா மாட்டுன்னார். மாட்டிவிட்டேன்.

அடுத்த வாரமே வந்து, முன்னாடி பரவாயில்ல, இப்ப பின்னாடி ஆடுதுன்னார். பின்னாடியும் ஒண்ணு மாட்டினேன். காசு அவர் பையிலிருந்துதான் வரும், அதுல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா காசு கொடுத்துட்டா மத்தவன் உயிரை எடுக்கலாமா?

என் உயிரைக்கூட விடுங்க. அந்த மருமகனைப் பார்த்தாத்தான் வயிறு எரியும். ராத்திரி பூரா குடோன்ல வேலை. காலையில ஷிப்ட் முடிஞ்ச கையோட மாமனாரைக் கூட்டிக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும். பெரியவருக்குத் தொண்டையில கட்டி, தினமும் கரண்ட் வைக்கிறாங்க, அதான் ரேடியேஷன். வீட்டுக்குப் போனா கைக்குழந்தை. இத்தனைக்கும் நடுவுல மாமனார் இழுத்த இழுப்புக்கெல்லாம் இங்க வேற வந்து கிடக்கணும். ஒரு நாளாவது முகம் சுளிப்பாரா? "சரி மாமா, பார்த்துடலாம் மாமா"ன்னு சொல்லிட்டு, மூலையில போட்டிருக்கிற பழைய கார் சீட்டுல போய்ச் சாய்வார். சாய்ஞ்ச உடனே குறட்டை.

பெரியவர் மட்டும் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு என் முன்னாடி உட்கார்ந்துக்குவார். நான் ஏதோ போல்ட்டைத் திருடிடுவேன் போல. அதை இன்னொரு தரம் முறுக்குங்க, இதைக் கழட்டித் துடைச்சு மாட்டுங்கன்னு ஒரே நச்சரிப்பு. அரை மணி நேர வேலையை அரை நாள் ஆக்கிடுவார்.

இந்தத் தடவை வண்டிக்கு அடியில ஒரு கம்பி வேணுமாம். லிஃப்ட்ல தூக்கி, வாயை மூடிக்கிட்டு மாட்டி முடிச்சேன். கையைத் துடைச்சுக்கிட்டு நேரா அவர்கிட்ட போய் நின்னேன். அதுக்கு மேல அடக்க முடியல.

"சார், நீங்களும் ஸ்டியரிங் பிடிச்சவர். மனசாட்சியைத் தொட்டுச் சொல்லுங்க, இந்த வண்டி ஆடுதா?"

"ஆடுது தம்பி. நேத்து எதிர்ல வந்த லாரிக்காரன் ஹாரன் அடிக்கலைன்னா, இன்னைக்கு நாங்க ரெண்டு பேரும் இல்ல."

"அப்படின்னா அது வண்டிக் கோளாறு இல்ல சார். ஓட்டுறவர்..."

சொல்லிக்கிட்டே வந்தவன் பாதியில நிறுத்திட்டேன். பெரியவர் மூலையைத் திரும்பிப் பார்த்தார். நானும் பார்த்தேன். மருமகன் வாயைத் திறந்தபடி அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிக்கிட்டிருந்தார்.

"மெதுவாப் பேசுங்க"ன்னார் பெரியவர். அவர் குரலே கம்மிப் போய்த்தான் இருந்தது. ஓரமா நிறுத்திக் கொஞ்சம் கண் அசருங்க மாப்ளேன்னு கேட்டுப் பார்த்தாராம். நோயாளியை நடுரோட்டுல உட்கார வெச்சுட்டு நான் தூங்குறதான்னாராம் மருமகன். வாடகைக் கார்ல போய்க்கிறேன்னு சொன்னதுக்கு, நான் செத்தா போயிட்டேன்னு முகம் சுண்டிப் போச்சாம். வீட்டுல குழந்தை தூங்க விடாது. நீங்க தூங்கி விழுறீங்கன்னு நேரா சொன்னா, மாமாவையே கொல்லப் பார்த்தோமேன்னு அந்தப் பிள்ளை இடிஞ்சு போயிடும்னார்.

"கம்பியால ஒண்ணும் ஆகாதுன்னு எனக்குத் தெரியாதா தம்பி? இந்த வண்டியை நீங்க மேல தூக்கி வெச்சாத்தான் அந்த மனுஷன் படுக்கிறார்."

இத்தனை நாளா இவரை மனசுக்குள்ள என்னென்ன திட்டியிருக்கேன். நீங்க இப்படி உட்கார்ந்தே இருக்கீங்களே, உடம்பு தாங்குமா சார்னு மட்டும் கேட்டேன். நாள் பூரா படுத்துத்தானே கிடக்கேன்னு சிரிச்சார். இனிமே கம்பியெல்லாம் வேண்டாம், சும்மா கொண்டு வாங்க, தூக்கி வைக்கிறேன்னு சொன்னேன்.

அதுக்குள்ள மருமகன் அசைஞ்சார். பாதிக் கண்ணைத் திறந்து, "ஆச்சாண்ணே?"ன்னார்.

வேலை எப்பவோ முடிஞ்சிருந்தது. வண்டியை இறக்க வேண்டியதுதான் பாக்கி.

"எங்க தம்பி, இப்பத்தான் பாதி ஆகியிருக்கு. மதியம் தாண்டும்போல இருக்கு, நீங்க படுங்க."