வெள்ளம் வருவதற்கு முன்

மாலை வெயிலில் டிவியின் பாதித் திரை வெளிறிக் கிடக்கிறது. கார்ட்டூன் படத்தில் தாய்க்கரடி குட்டியின் காதை நக்கி, "பசிக்குதா கண்ணு?" என்கிறது. அந்தக் குரல், ரிமோட்டும் கையுமாகத் தரையில் உட்கார்ந்திருக்கும் சிறுமியின் அம்மாவுடையது. கரடிக்கு டப்பிங் பேசிய அவர், போன மழைக்காலத்தில் இறந்துபோனார். தாய்க்கரடியை அடித்துப்போகும் வெள்ளம் இரையத் தொடங்கியதுமே சிறுமி படத்தைப் பின்னுக்கு ஓட்டுகிறாள். "ரிமோட் தேஞ்சுபோகும்டி. முழுசாத்தான் பாரேன், குட்டி தப்பிச்சிடும்" என்கிறாள், துணி மடிக்கும் அத்தை. "தப்பிச்சு என்ன அத்தை? அதுக்கப்புறம் அம்மா பேசவே மாட்டாங்க." திரையில் கரடி மறுபடியும் குட்டியிடம் குனிகிறது. சமையலறையில் எண்ணெயில் வெங்காயம் சடசடக்கிறது. கரண்டியோடு நிற்கும் அப்பா, கரடி அந்தக் கேள்வியைக் கேட்பதற்குள் சத்தம் அடங்கட்டுமென்று அவசரமாக அடுப்பை அணைக்கிறார்.